கட்டிலை ஒட்டி ஒரு தொட்டில்: முதலில் இடைவெளியைப் பாருங்கள்

கேள்வி: எனக்கு இப்போது 34 வாரம். இதுதான் முதல் குழந்தை. சிசேரியன் செய்ய வேண்டியிருக்கும் என்று மருத்துவர் சொல்லியிருக்கிறார். குழந்தையை எங்கள் கட்டிலிலேயே நடுவில் படுக்க வைத்துக்கொள்ளலாம் என்கிறார் அம்மா. கணவருக்கு அதில் பயம். தூங்கிவிட்டால் இடி விழுந்தாலும் எழாதவர் அவர். அதனால் கட்டிலை ஒட்டி வைக்கும் கோ-ஸ்லீப்பர் வாங்கலாம் என்று பார்த்தால், பக்கத் தடுப்பு இறங்குவது, தலைப்பக்கம் உயர்த்துவது, ஆடுவது, பெரியவர்கள் மெத்தை மேலேயே வைக்கும் கூடு என்று ஏகப்பட்ட வகைகள் இருக்கின்றன. பால் கக்கும் குழந்தைக்குச் சாய்வானதுதான் நல்லது என்று தோழி சொல்கிறாள். எதை வாங்குவது? முதலில், இது தேவைதானா?

பதில்: கடைசிக் கேள்வியிலிருந்து தொடங்குகிறேன். கோ-ஸ்லீப்பர் கட்டாயம் இல்லை. உங்கள் கட்டிலுக்கு அருகில் தனியாக நிற்கும் சாதாரணத் தொட்டில், மெத்தை உறுதியாகவும் தட்டையாகவும் இருந்தால், அதே வேலையைச் செய்யும். ஆனால் உங்களுக்கு சிசேரியன் ஆகப்போகிறது. முதல் சில வாரங்கள் எழுந்து, குனிந்து, குழந்தையைத் தூக்குவது வலிக்கும். கை நீட்டினால் தொடுகிற தூரத்தில் குழந்தை இருப்பது அப்போது பெரிய ஆறுதல். அதனால் வாங்கலாம் என்பதுதான் என் பதில். எந்த வகை, எப்படிப் பொருத்துவது என்பதில் மட்டும் கவனமாக இருக்க வேண்டும்.

உங்கள் கணவரின் பயம் நியாயமானது. பெரியவர்கள் படுக்கிற மெத்தை குழந்தைக்கு ரொம்ப மென்மை. தலையணை, போர்வை, மெத்தைக்கும் சுவருக்கும் நடுவே இருக்கும் சந்து எல்லாமே ஆபத்து. பிறந்த குழந்தையால் முகத்தை மூடியிருக்கும் துணியைத் தள்ளவும் முடியாது, தலையைத் திருப்பித் தப்பிக்கவும் முடியாது. துணிக்குள் தான் விட்ட மூச்சையே திரும்பத் திரும்ப இழுக்கும்போது ஆக்சிஜன் குறைகிறது. குழந்தைக்கு நான்கு மாதம் ஆகவில்லை என்றாலோ, குறைமாதத்தில் பிறந்திருந்தாலோ, பெற்றோரில் ஒருவர் புகைபிடித்தாலோ, மது அருந்தியிருந்தாலோ, தூக்கம் வரவைக்கும் மருந்து எடுத்திருந்தாலோ ஆபத்து இன்னும் பல மடங்கு ஏறும். அறுவைச் சிகிச்சைக்குப் பிறகு தரும் சில வலி மருந்துகள் தூக்கம் வரவைப்பவை. இதை அம்மாவிடம் எடுத்துச் சொல்லுங்கள். குழந்தை உங்கள் பக்கத்தில் இருக்க வேண்டும் என்று அவர் நினைப்பது சரிதான். அதே அறையில், கைக்கெட்டும் தூரத்தில், ஆனால் தனக்கென்று ஒரு படுக்கையில் இருந்தால் அவர் ஆசையும் நிறைவேறும், கணவரின் பயமும் தீரும்.

அமெரிக்கக் குழந்தை மருத்துவர்கள் சங்கம் 2022-ல் புதுப்பித்த வழிகாட்டுதலும் இதையே சொல்கிறது: குறைந்தது முதல் ஆறு மாதங்கள் பெற்றோர் அறையிலேயே, ஆனால் தனிப் படுக்கையில். திடீர் சிசு மரணம், அதாவது காரணம் தெரியாமல் தூக்கத்திலேயே குழந்தை இறந்துபோவது, பெரும்பாலும் ஒன்று முதல் நான்கு மாத வயதுக்குள் நடக்கிறது. சுமார் 90 சதவீதம் ஆறு மாதத்துக்குள் நடந்துவிடுகிறது. ஆறு மாதக் கணக்கு அங்கிருந்துதான் வருகிறது. கட்டிலை ஒட்டி வைக்கும் தொட்டில்களைப் பற்றி மட்டும், வாங்குங்கள் என்றோ வேண்டாம் என்றோ அந்தச் சங்கம் சொல்லவில்லை. போதுமான ஆய்வுகள் இல்லை என்பது காரணம். எனவே பெட்டியின் மேல் 'மருத்துவர்கள் பரிந்துரைப்பது' என்று போட்டிருந்தால் அதை நம்பி வாங்க வேண்டாம். பாதுகாப்புத் தரத்தின் பெயர் போட்டிருக்கிறதா என்று பாருங்கள். அமெரிக்காவில் இந்த வகைத் தொட்டில்களுக்கென்றே 2014-ல் தனி விதிமுறை வந்தது. ஐரோப்பாவின் இ.என். 1130 என்ற தரம் 2019-ல் திருத்தப்பட்டபோது இவையும் அதற்குள் வந்தன. கட்டில் பக்கத் தடுப்பை எவ்வளவு கீழே இறக்கினாலும், குழந்தையின் மெத்தைக்கு மேல் 120 மில்லிமீட்டர் உயரமாவது அது நிற்க வேண்டும் என்கிறது அந்தத் தரம். ஒரு பக்கம் முழுவதும் திறந்து உங்கள் மெத்தையோடு ஒரே தளமாகிவிடும் பழைய வடிவம் யாராவது கொடுத்தால் வாங்காதீர்கள். குழந்தை உங்கள் பக்கம் உருளும், உங்கள் போர்வை அதன் பக்கம் போகும்.

இப்போது முக்கியமான விஷயத்துக்கு வருகிறேன். இந்தத் தொட்டில்களில் நான் மிகவும் பயப்படுவது இடைவெளிக்குத்தான். தொட்டிலுக்கும் உங்கள் மெத்தைக்கும் நடுவில் வரும் சந்து. குழந்தையின் உடல் ஒல்லி, தலை பெரிது. கால் முதலில் இறங்கும், இடுப்பு இறங்கும், தலை மட்டும் சிக்கிக்கொள்ளும். அழக்கூட முடியாத நிலை அது.

பல வருடங்களுக்கு முன் ஐந்து வாரக் குழந்தையோடு ஒரு தம்பதி என்னிடம் வந்தார்கள். நல்ல தொட்டில், நல்ல மெத்தை, எல்லாம் சரியாகத்தான் வாங்கியிருந்தார்கள். ஆனால் தொட்டிலைக் கட்டிலோடு பிணைக்கும் இரண்டு பட்டைகளில் ஒன்றைத்தான் மாட்டியிருந்தார்கள். மற்றொன்று கட்டில் சட்டத்துக்கு எட்டவில்லை, சக்கரத்தைப் பூட்டியிருக்கிறோமே, போதும் என்று விட்டுவிட்டார்கள். ஒவ்வொரு இரவும் அம்மா எழும்போதும் உட்காரும்போதும் தொட்டில் கொஞ்சம் கொஞ்சமாக நகர்ந்திருக்கிறது. ஒரு நாள் அதிகாலை பால் கொடுக்க விழித்தபோது, ஒரு கையை அப்படியே நுழைக்கிற அளவுக்குச் சந்து. குழந்தைக்கு ஒன்றும் ஆகவில்லை. ஆனால் அதைச் சொல்லும்போது அந்த அம்மாவின் கை நடுங்கியது எனக்கு இன்னும் கண்ணில் நிற்கிறது. அன்றிலிருந்து யார் கேட்டாலும் பட்டையைப் பற்றித்தான் முதலில் கேட்கிறேன்.

அதனால் கடைக்குப் போவதற்கு முன்பே உங்கள் கட்டிலை அளந்துவிடுங்கள். தரையிலிருந்து மெத்தையின் மேல்மட்டம் வரை எவ்வளவு உயரம்? கட்டிலின் மரச்சட்டம் மெத்தையைத் தாண்டி வெளியே நீட்டிக்கொண்டிருக்கிறதா? அப்படி நீட்டியிருந்தால் எந்தத் தொட்டிலும் மெத்தையோடு ஒட்டாது, சட்டத்தின் அகலத்துக்குச் சந்து விழும். கட்டிலுக்கு அடியில் தொட்டிலின் கால்கள் நுழைய இடம் இருக்கிறதா, இழுப்பறைகள் தடுக்கின்றனவா? பட்டையை எதில் சுற்றிக் கட்டுவீர்கள்? சில மாடல்களில் பட்டை மெத்தையின் மறுபக்கம் வரை போய்க் கட்டிலின் சட்டத்தில் மாட்டும். சில கட்டில்களில் மாட்டுவதற்கு இடமே இருக்காது. இறக்கிய தடுப்பின் மேல்விளிம்பு உங்கள் மெத்தையைவிடத் தாழ்ந்து போகக் கூடாது. உயரத்தை மாற்ற முடிகிற தொட்டிலாக இருந்தாலும் அதன் படிகளில் ஒன்று உங்கள் கட்டிலுக்குச் சரியாக வருகிறதா என்று எண்களை வைத்துப் பாருங்கள். சரியாக வரவில்லை என்றால் அந்தத் தொட்டில் எவ்வளவு நல்லதாக இருந்தாலும் உங்களுக்கானது அல்ல. பக்கத் தடுப்பை முழுதாக ஏற்றிவிட்டுத் தனித் தொட்டிலாக அருகில் நிறுத்துவதே அப்போது மேல்.

வீட்டுக்கு வந்து மாட்டியதும் ஒரு சோதனை செய்யுங்கள். உங்கள் கணவர் கட்டில் ஓரத்தில் அழுத்தமாக உட்காரட்டும், புரளட்டும், எழட்டும். மெத்தை அமுங்கும்போது சந்து திறக்கிறதா என்று நீங்கள் கையை வைத்துப் பாருங்கள். திறந்தால் பட்டையை இறுக்குங்கள். துண்டை மடித்துச் சந்தில் செருகி அடைப்பதை மட்டும் செய்யவே செய்யாதீர்கள். அது நழுவும், அப்புறம் அந்தத் துண்டே குழந்தையின் முகத்துக்கு வந்துவிடும். குழந்தை வந்த பிறகு தினமும் படுக்கப் போகும் முன் பட்டையை ஒரு முறை இழுத்துப் பார்ப்பதைப் பழக்கமாக்கிக்கொள்ளுங்கள். அந்த வேலையை உங்கள் கணவரிடம் கொடுத்துவிடுங்கள். ஆழ்ந்து தூங்குபவர் தூங்கும் முன் செய்யக்கூடிய நல்ல உதவி அது.

தோழி சொன்ன சாய்வுக்கு வருவோம். சாய்வு வேண்டாம். மல்லாந்து படுத்தால் கக்கிய பால் மூச்சுக்குழலுக்குள் போய்விடும் என்று பலரும் நினைக்கிறார்கள். உடலின் அமைப்பு அதற்கு நேர்மாறாக இருக்கிறது. மல்லாந்து படுக்கும்போது மூச்சுக்குழல் மேலே, உணவுக்குழல் கீழே. கக்கிய பால் மேலேறி மூச்சுக்குழலுக்குள் நுழைவது கடினம். குப்புறப் போட்டால்தான் உணவுக்குழல் மேலே வந்து ஆபத்து கூடுகிறது. சாய்வான படுக்கையில் இன்னொரு சிக்கலும் உண்டு. தலை கனத்தால் தாடை மார்பில் போய்ப் படியும், மெல்லிய மூச்சுப்பாதை மடங்கிவிடும். குழந்தை தூங்குவதற்காகவே விற்கப்பட்ட, 10 டிகிரிக்கு மேல் சாய்ந்த படுக்கைகளை அமெரிக்கா 2022-ல் சட்டம் போட்டே தடை செய்தது. மெத்தென்ற தொட்டில் ஓர அணைகளுக்கும் அதே சட்டத்தில் தடை. பல கோ-ஸ்லீப்பர்களில் இரண்டு பக்கக் கால்களையும் தனித்தனியாக உயர்த்தும் வசதி இருக்கிறது. இரண்டையும் ஒரே எண்ணில் வையுங்கள். குழந்தை பால் கக்கினாலும் எடை நன்றாக ஏறி, சிரித்துக்கொண்டிருந்தால் கவலை இல்லை. எடை ஏறாவிட்டால், பச்சை நிறமாகவோ ரத்தமாகவோ கக்கினால், கக்கும்போது மூச்சுத் திணறி நீலம் பாய்ந்தால் தாமதிக்காமல் மருத்துவரிடம் காட்டுங்கள்.

மெத்தை மேலேயே வைக்கும் கூட்டையும் தவிர்த்துவிடுங்கள். அதன் ஓரங்கள் மெத்தென்று இருக்கும், குழந்தையின் முகம் அதில் அழுந்தலாம். பெரியவர்களின் தலையணையும் போர்வையும் அங்கே இருந்து போவதில்லை. ஆட்டும் வசதி இருந்தால், இரவில் பூட்டிவைக்க முடிகிறதா என்று பாருங்கள்.

தொட்டிலின் மெத்தையை உள்ளங்கையால் அழுத்திக் கையை எடுத்தால் உடனே பழையபடி நிமிர வேண்டும். மெல்லியதாக, கடினமாக இருக்கிறதே என்று நமக்குத்தான் மனசு கேட்காது. குழந்தைக்கு அதுதான் சரி. அதன் மேல் இன்னொரு மெத்தை போடாதீர்கள், பக்கங்களின் உயரம் அதனால் குறைந்துவிடும். மெத்தைக்கும் தொட்டில் சுவருக்கும் நடுவே இரண்டு விரலுக்கு மேல் நுழையக் கூடாது. உள்ளே இறுக்கமாகப் பொருந்தும் விரிப்பைத் தவிர எதுவும் வேண்டாம். தலையணை, பொம்மை, போர்வை எதுவுமே. குளிருக்கு, உங்களுக்குத் தேவையானதைவிட ஒரு அடுக்கு கூடுதலாக உடுத்தினால் போதும். வீட்டுக்குள் தூங்கும்போது தொப்பி தேவையில்லை. கனம் சேர்த்துத் தைத்த தூக்கப் பைகள் வேண்டாம். உங்கள் போர்வையும் தொட்டிலுக்குள் சரியாதபடி மறுபக்கமாகச் செருகிப் படுங்கள்.

சிசேரியனுக்கு வருகிறேன். வாங்கும்போது யாரும் யோசிக்காத ஒன்று இதில் இருக்கிறது. தொட்டிலை உங்கள் பக்கத்தில் பிணைத்துவிட்டால் நீங்கள் எந்த வழியாக இறங்குவீர்கள்? வழக்கமாக இறங்கும் பக்கம் அடைபட்டுவிடும். கால்மாட்டுப் பக்கமாக நகர்ந்துதான் இறங்க வேண்டும், தையல் இருக்கும்போது அது சுலபமில்லை. கட்டிலின் கால்மாட்டில் பலகை இருந்தால் இன்னும் கஷ்டம். தொட்டிலைத் தலைமாட்டுக்கு நெருக்கமாக வைத்து, கால்பக்கம் நீங்கள் இறங்க இடம் விடலாம். அப்படியும் முடியவில்லை என்றால் முதல் இரண்டு வாரம் தொட்டில் கணவர் பக்கம் இருக்கட்டும், அவர் குழந்தையை எடுத்துக் கொடுக்கட்டும். அவர் தூக்கம் ஆழமானது என்றாலும், நீங்கள் தட்டி எழுப்பலாம். பக்கத் தடுப்பை ஒரு கையால் இறக்க முடிகிறதா என்று கடையிலேயே உட்கார்ந்தபடி செய்து பாருங்கள். வயிற்றை முறுக்காமல் கை எட்ட வேண்டும்.

தாய்ப்பால் கொடுப்பது திடீர் சிசு மரணத்தின் ஆபத்தைக் குறைக்கிறது. அதனால் இரவில் கட்டிலில் வைத்துக் கொடுக்கத் தயங்காதீர்கள். கொடுத்துக்கொண்டே கண் அசந்துவிட்டீர்களா, குற்ற உணர்வு வேண்டாம். விழித்ததும் குழந்தையைத் தொட்டிலுக்கு மாற்றிவிடுங்கள். தூக்கம் வரும் என்று தோன்றுகிற நேரத்தில் சோபாவிலோ சாய்வு நாற்காலியிலோ உட்கார்ந்து மட்டும் பால் கொடுக்காதீர்கள். அங்கே குழந்தையோடு தூங்கிவிடுவது கட்டிலைவிடப் பல மடங்கு ஆபத்து. குழந்தை கைக்கும் சோபா ஓரத்துக்கும் நடுவில் நழுவிவிடும்.

இந்தத் தொட்டில் எத்தனை நாள் வரும்? பெரும்பாலும் நான்கிலிருந்து ஆறு மாதம். கையையும் முழங்காலையும் ஊன்றி எழ முயன்றாலோ, கையேட்டில் சொன்ன எடையை எட்டினாலோ, எது முதலில் வருகிறதோ அன்றே பெரிய தொட்டிலுக்கு மாற்றிவிடுங்கள். புரண்டால் நிறுத்தச் சொல்லும் கையேடுகளும் உண்டு, அப்படியானால் அதன்படியே செய்யுங்கள். துணியால் சுற்றிப் படுக்க வைக்கிறீர்கள் என்றால், குழந்தை புரள முயற்சி செய்யும் முதல் அறிகுறியிலேயே சுற்றுவதை நிறுத்திவிடுங்கள்.

பழைய தொட்டில் யாராவது தந்தால், எல்லாப் பட்டைகளும் கொக்கிகளும் அசல் மெத்தையும் கையேடும் இருந்தால் மட்டும் வாங்கிக்கொள்ளுங்கள், அந்த மாடலைத் திரும்பப் பெற்றிருக்கிறார்களா என்றும் தேடிப் பாருங்கள். மூச்சையும் நாடியையும் காட்டும் கருவிகளுக்கு இதே பணத்தைச் செலவழிக்க வேண்டாம், அவை சிசு மரணத்தைத் தடுக்கும் என்பதற்கு ஆதாரம் இல்லை.

உங்களுக்கு இன்னும் சில வாரங்கள் இருக்கின்றன. குழந்தை முன்கூட்டியே வந்துவிட்டாலும் தடுமாறாமல் இருக்க, இந்த வாரமே கட்டிலை அளந்து, அடுத்த வாரத்துக்குள் தொட்டிலை மாட்டிப் பாருங்கள். குழந்தை 37 வாரத்துக்கு முன் பிறந்தாலோ, எடை இரண்டரைக் கிலோவுக்குக் குறைவாக இருந்தாலோ, மருத்துவமனையிலிருந்து வீடு திரும்பும் முன் குழந்தை மருத்துவரிடம் தூங்க வைப்பது பற்றித் தனியாகக் கேட்டுக்கொள்ளுங்கள்.