மஞ்சக் கடுதாசியும் பிரான்ஸ் கோர்ட்டும்

கேள்வி: பாரிஸ் பக்கம் மளிகைக் கடை வைத்திருந்த என் தம்பி நொடித்துப்போய், அங்கே கோர்ட்டில் கடையை ஒப்படைத்துவிட்டான். "கடன் எல்லாம் முடிஞ்சுதுக்கா" என்கிறான். சொந்தக்காரர்களோ "மஞ்சக் கடுதாசி கொடுத்தவன்" என்கிறார்கள். அவனுக்காக என் வீட்டை அடமானம் வைத்து, என் பெயரிலேயே இங்கே பாங்கில் கடன் வாங்கினேன். அதுவும் முடிந்ததா?
– ஒரு வாசகி, நெல்லித்தோப்பு, புதுச்சேரி

பதில்: முப்பது வருஷம் கடலூர் மஞ்சக்குப்பம் கோர்ட்டில் கறுப்புக் கோட்டோடு அலைந்தவன் நான். (ஊர்ப் பெயருக்கும் கடுதாசிக்கும் சம்பந்தம் இல்லை!) ஐ.பி. (திவால் மனு, அதுதான் மஞ்சக் கடுதாசி) போட்ட பண்ருட்டி முந்திரி வியாபாரி ஒருவர், வாய்தாவுக்கு வாய்தா தலையில் துண்டைப் போட்டுக்கொண்டுதான் வருவார். தனி மனிதர்களுக்கு இங்கே இன்னும் 1920-ம் வருஷத்துச் சட்டம்தான். 2016-ல் வந்த புதிய திவால் சட்டத்தில் தனிநபர்களுக்கான பகுதி, கம்பெனிக் கடனுக்கு ஜாமீன் போட்டவர்களுக்கு மட்டுமே 2019 டிசம்பரில் அமலானது. பழைய சட்டப்படி "திவாலானவர்" என்று தீர்ப்பு வந்தாலும் கடன் அத்தோடு தீராது. விடுதலை கேட்டு இன்னொரு மனு போட வேண்டும்.

ஐரோப்பாவில் நினைப்பே வேறு. நேர்மையாகத் தொழில் செய்து நொடித்தவருக்கு அதிகபட்சம் மூன்று வருஷத்தில் கடனிலிருந்து விடுதலை கிடைக்க வேண்டும் என்று 2019-ல் ஐரோப்பிய ஒன்றியம் எல்லா உறுப்பு நாடுகளுக்கும் சொன்னது. ஜெர்மனி ஆறு வருஷத்தை மூன்றாகக் குறைத்துக்கொண்டது. பிரான்ஸுக்கு இதில் பெரிய வேலை இல்லை. சொத்தை விற்றும் கடன் தீராமல் கோர்ட் வழக்கை முடித்துவிட்டால், மோசடி போன்ற விலக்குகள் தவிர, கடன்காரர்கள் மறுபடி துரத்த முடியாது என்பது அங்கே பழைய விதி. பணம் கட்ட முடியாமல் போன 45 நாளுக்குள் கோர்ட்டுக்குப் போக வேண்டும் என்பதும் அங்கே விதி. தம்பி போனாரா? கடையை ஒப்படைப்பது வேறு, வழக்கு முடிவது வேறு. முடித்துவைத்த தீர்ப்பின் நகலை வாங்கி அனுப்பச் சொல்லுங்கள். அது கையில் இருந்தால் உங்கள் தம்பி ஓடி ஒளிந்தவர் இல்லை. சொந்தக்காரர்களிடம் அதைச் சொல்லுங்கள்.

இனி கசப்பான விஷயம். பாங்குக் கடன் உங்கள் பெயரில் இருக்கிறது. தம்பியின் தீர்ப்பு உங்கள் கையெழுத்தை அழிக்காது. தவணை நின்றிருந்தால் 60 நாள் கெடு வைத்து சர்ஃபேசி (அடமானச் சொத்தை பாங்கே எடுத்து விற்க வழி செய்யும் சட்டம்) நோட்டீஸ் வரும். வந்த பிறகு என்னைத் தேடாதீர்கள். வருவதற்கு முன்பே மேனேஜரைப் பார்த்து, ஒரே தவணையில் தீர்க்க என்ன குறைப்பார்கள் என்று எழுத்தில் கேளுங்கள். வழக்கு முடிந்திருந்தால் தம்பியின் சம்பாத்தியம் அவர் கையில். மாசா மாசம் அக்காவுக்கு அனுப்ப அந்தக் கோர்ட் குறுக்கே நிற்காது.