ஒட்டிய வயிறோடு தெரியும் சிறுத்தை நோய்ப்பட்டதா?

கேள்வி: சத்தியமங்கலம் காட்டை ஒட்டி எங்கள் தோட்டம். ஆடு வளர்க்கிறேன். இரவில் கேமராவில் ஒரு சிறுத்தை பதிவாகியிருக்கிறது. வயிறு ஒட்டி மெலிந்து தெரிகிறது. நோய் வந்து, வேட்டையாட முடியாமல்தான் பட்டிப் பக்கம் வருகிறதா?

பதில்: வயிற்றை மட்டும் வைத்து முடிவு செய்யாதீர்கள். சிறுத்தை ஒரு மானை அடித்தால் வயிறு புடைக்கத் தின்னும். அப்புறம் சில நாள் ஒன்றுமே கிடைக்காமல் போகும். அப்போது வயிறு ஒட்டியிருப்பது இயல்புதான். அடிவயிற்றில் தொங்கும் தளர்ந்த தோலும் பூனை இனத்துக்கே உள்ளது, அது கொழுப்போ சினையோ அல்ல.

முதுகையும் இடுப்பையும் பாருங்கள். ஆட்டுக்குக் கடைசி விலாவுக்குப் பின்னால் முதுகெலும்பைத் தடவிப் பார்ப்பீர்கள் அல்லவா, அதையே இங்கே கண்ணால் செய்ய வேண்டும். முதுகெலும்பு வரிசையாகத் துருத்தி, இடுப்பெலும்பு கூராக எழும்பி, வால் தொடங்கும் இடத்தில் இருபுறமும் குழி விழுந்து, தொடைச் சதை வற்றியிருந்தால் அது உண்மையான மெலிவு. கரடி கொழுப்பைச் சேர்த்துவைக்கும். சிறுத்தையிடம் அவ்வளவு சேமிப்பு இல்லை. பட்டினி நீண்டால் சதையே கரையும். ஒரே படத்தை நம்பாமல், பக்கவாட்டில் பதிந்த பல நாள் படங்களை ஒப்பிட்டுப் பாருங்கள். இரவுப் படத்தில் நிழலும் ஏமாற்றும்.

மெலிவு உறுதியானால் முதுமை, உடைந்த கோரைப்பல், முள்ளம்பன்றி முள், இடுப்பில் இறுகிய சுருக்குக் கம்பி, நோய் என எதுவும் காரணமாகலாம். நடை தள்ளாடினாலோ, மனிதரைக் கண்டும் விலகாமல் நின்றாலோ நோயைச் சந்தேகிக்க வேண்டும். 2018இல் குஜராத்தின் கிர் காட்டில் இருபதுக்கும் மேற்பட்ட சிங்கங்கள் இறந்தபோது, பல உடல்களில் டிஸ்டெம்பர் வைரஸ் இருந்தது. இது நாய்களுக்கும் வரும் நோய். உங்கள் தோட்டத்து நாய்க்கு டிஸ்டெம்பர், வெறிநோய்த் தடுப்பூசிகளைக் கட்டாயம் போடுங்கள். சிறுத்தைக்கு நாயும் இரை, இரவில் அதை வெளியே கட்டாதீர்கள்.

ஆனால் நல்ல உடற்கட்டுள்ள சிறுத்தையும் திறந்த பட்டியைக் கண்டால் ஆட்டைத் தூக்கும். அதனால் படத்தில் என்ன தெரிந்தாலும், பட்டிக்கு மேலேயும் கம்பிவலை போடுங்கள். வெறும் சுவரை அது எளிதாகத் தாண்டிவிடும். கதவுக்கு உறுதியான தாழ் வேண்டும். சுற்றியுள்ள புதரை வெட்டிவிடுங்கள்.

படங்களைத் தேதியோடு வனச்சரக அலுவலகத்தில் கொடுங்கள். காயமோ சுருக்கோ தெரிந்தால் அன்றே சொல்லுங்கள். விரட்டவோ பின்தொடரவோ வேண்டாம்.