ஆடு கடித்த புளி போன்சாய்: ஐந்தாவது படத்தில் இருக்கிறது வில்லங்கம்

கேள்வி: ஐயா, ராசிபுரம் பக்கம் வீட்டு முற்றத்தில் இருபது தொட்டி போன்சாய் வைத்து விற்றுவருகிறேன். போன மாதம் பக்கத்து வீட்டு ஆடு கேட்டைத் தள்ளிக்கொண்டு வந்து நான்கு புளியை மொட்டையடித்துவிட்டது. அதில் 14 வருடப் புளியின் பட்டையையும் உரித்துவிட்டது. அடிமரச் சுற்றளவு 16 செ.மீ. முன்பக்கம் 9 செ.மீ. அகலத்துக்கு, அரைச் சாண் உயரத்துக்கு வெள்ளைக் கட்டை தெரிகிறது. முதலில் மஞ்சளும் சாணியும் அப்பினேன். பிறகு கடைக்காரர் கொடுத்த கருப்புப் பசையைத் தடவினேன், டப்பா 450 ரூபாய். இப்போது துளிர் வருகிறது. பட்டை சீக்கிரம் வளர என்ன மருந்து போடலாம்? துளிரைக் கிள்ளிப் பழைய உருவத்துக்குக் கொண்டுவரலாமா? ஐந்து படங்கள் அனுப்பியுள்ளேன்.

பதில்: மருந்து கிடையாது. இன்னொரு டப்பா வாங்கக் கிளம்பிவிடுவீர்கள் என்பதால் இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

நம் கையில் சிராய்த்தால் அதே இடத்தில் புதுத் தோல் வரும். மரத்துக்கு அந்த வித்தை தெரியாது. அடிபட்ட கட்டையைச் சுற்றி உள்ளுக்குள் தடுப்பு எழுப்பி ஒதுக்கிவிடும். ஓரத்துப் பட்டைக்கு அடியிலிருந்து புதுக் கட்டையை வளர்த்து, உதடு மாதிரி உருட்டிக்கொண்டே வந்து மேலே மூடும். அமெரிக்க வனத்துறையில் இருந்த அலெக்ஸ் ஷைகோ ஆயிரக்கணக்கான மரங்களை அறுத்துப் பார்த்து 1970களில் இதை விளக்கினார். காயத்துக்குப் பூசும் பசை அழுகலை நிறுத்தாது என்பதையும் அவர் அப்போதே எழுதிவிட்டார். ஐம்பது வருடமாகியும் நம் ஊர்க் கடை அலமாரிக்கு அந்தச் செய்தி வந்து சேரவில்லை. உங்களுக்குக் கொடுத்தது படத்தைப் பார்த்தால் தார்ச் சரக்கு. வெயிலில் சூடேறும், உள்ளே ஈரத்தைப் பூட்டி வைக்கும். வீட்டுக் கூரை ஒழுக்குக்கு நல்ல பொருள்.

முன்பக்கத்துக்கு நான்கு படம் அனுப்பியிருக்கிறீர்கள். என்னைக் கலங்கடித்தது ஐந்தாவது படம். பின்பக்கத்தில், மரத்தை வளைக்கச் சுற்றிய துருப்பிடித்த கட்டுக்கம்பி இரண்டு சுற்று, பாதி பட்டைக்குள் புதைந்து கிடக்கிறது. கம்பிக்கு மேலே பட்டை புடைத்திருக்கிறது, கீழே ஒடுங்கிக் கிடக்கிறது, கவனித்தீர்களா? இலை சமைக்கும் உணவு பட்டை வழியாகத்தான் வேருக்கு இறங்கும். இறங்க வழியில்லாமல் தேங்கிய புடைப்பு அது. ஆடு 9 செ.மீ. தின்றுவிட்டது, மிச்சம் 7 செ.மீ. பட்டை. மரத்தின் உயிர் அந்த ஏழில்தான் ஓடுகிறது, அதையும் உங்கள் கம்பி நெரித்துக்கொண்டிருக்கிறது. ஆடு ஒரு நாளில் செய்ததைக் கம்பி பல மாதமாகச் செய்திருக்கிறது.

கம்பியைச் சுற்றுச் சுற்றாகப் பிரிக்காதீர்கள், பட்டையும் சேர்ந்து வந்துவிடும். சின்ன கட்டரால் வெளியே தெரிகிற இடங்களில் நறுக்குங்கள். புதைந்த துண்டு வரவில்லை என்றால் அப்படியே விடுங்கள். சுற்று அறுந்தால் போதும், நல்ல பட்டையைக் குடைய வேண்டாம். கட்டுக்கம்பி சென்ட்ரிங் வேலைக்கு. மரத்துக்கு அலுமினியக் கம்பி போடுங்கள், மழைக்காலத்தில் இரண்டு வாரத்துக்கு ஒருமுறை பாருங்கள்.

காயத்தின் ஓரத்தை மட்டும் சுத்தம் செய்யுங்கள். நகத்தால் லேசாகச் சுரண்டினால் பச்சை தெரிகிற இடம் உயிர், பழுப்பாக உதிர்கிற இடம் செத்தது. பிசிறாக நிற்கும் செத்த ஓரத்தை ஒட்டுக் கட்டும் கத்தியால், அல்லது புது பிளேடால், பச்சை வரை ஒரே இழுப்பில் வெட்டுங்கள். மழுங்கிய கத்தியால் இழைத்தால் ஆடு கடித்ததற்கும் அதற்கும் வித்தியாசமில்லை. தாரை ஓரத்தில் மட்டும் வழித்தெடுங்கள். நடுவில் தெரியும் கட்டைக்கு வேண்டுமானால் பூஞ்சைக்குப் பூசும் போர்டோ பசை: மயில்துத்தம் (காப்பர் சல்பேட்) 100 கிராம், சுண்ணாம்பு 100 கிராம், தண்ணீர் 1 லிட்டர். பிளாஸ்டிக் வாளியில் தனித்தனியாகக் கரைத்துக் கலக்க வேண்டும். பச்சை ஓரத்தில் பட வேண்டாம்.

இனி துளிர். கிள்ளாதீர்கள். ஒன்றைக்கூட. போன்சாய் வளர்ப்பவர்களுக்குக் கை சும்மா இருக்காது, எனக்குத் தெரியும். ஆனால் காயத்தை மூடும் உதடு உருள்வது இலை அனுப்பும் சத்தில்தான். மேலிருந்து உணவு இறங்குவதால் மேல் ஓரமும் பக்கவாட்டும் முதலில் தடிக்கும், கீழ் ஓரம் பின்தங்கும். நீங்கள் உருவத்துக்காக இலையைக் கிள்ளக் கிள்ள அந்த உதடு நின்ற இடத்திலேயே நிற்கும். என்னிடம் ஒரே மாதிரி காயம்பட்ட இரண்டு புளி இருந்தன. ஒன்றை அழகாக வைத்திருந்தேன். மற்றதை மறந்துபோய் வாழை மரத்தடியில் விட்டுவிட்டேன். அது தொட்டி ஓட்டை வழியாகத் தரைக்கு வேர் விட்டு, ஆள் உயரத்துக்குச் சிலும்பி நின்றது. காயம் மூடியது அதில்தான்.

ஆகவே காயத்துக்கு நேர் மேலே ஓரத்தில் வரும் கிளைகளை முழம் கணக்கில் ஓடவிடுங்கள். பின்னால் வெட்டிக்கொள்ளலாம். இலை முற்றிய பிறகு, வேர்க்கட்டைக் கலைக்காமல் அப்படியே பெரிய தொட்டிக்குள் இறக்குங்கள், தரையில் வைத்தால் இன்னும் நல்லது. இப்போதே உரத்தைக் கொட்டாதீர்கள். காயம் மேற்கு வெயிலைப் பார்த்து இருக்கக் கூடாது.

9 செ.மீ. முழுதாக மூடுமா? மூடாது என்றே நினைக்கிறேன். ஜப்பானில் ஜூனிப்பர் என்ற ஊசியிலை மரத்தின் செத்த கட்டைக்குச் சுண்ணாம்பு கந்தகம் பூசி வெளுப்பாக வைத்திருப்பார்கள். இளம் புளியின் வெளிக்கட்டை அதற்குத் தாங்காது, பூச்சி அரித்துப் பள்ளமாகும். ஆகட்டுமே. சாலையோரப் புளிகளைப் பாருங்கள், பொந்து இல்லாத கிழப்புளி எங்கே இருக்கிறது? இரு பக்கமும் உதடு தடித்துவிட்டால் அந்தப் பள்ளத்தையே முன்பக்கமாக வைத்து விற்கலாம்.

கம்பியை இன்று மாலையே நறுக்கிவிடுங்கள். ஆட்டுக்காரரோடு சண்டையை நாளைக்கு வைத்துக்கொள்ளலாம்.