சம்பளம் இருக்கட்டும், மிச்சம் எவ்வளவு? – வாசகர் கேள்வி-பதில்

மாத வருமானம் 35,000. இரண்டு பிள்ளைகளை நன்றாக வளர்க்க இது போதுமா? – திருப்பூர்

எத்தனை பேர் சாப்பிடுகிறீர்கள், வாடகை எவ்வளவு, தவணை எவ்வளவு? ஒன்றையும் எழுதாமல் "போதுமா" என்று கேட்டால் ஜோசியர்தான் பதில் சொல்ல வேண்டும். நீங்களே கணக்குப் போடுங்கள். வாடகை, கரண்ட் பில், பெட்ரோல், எல்லாத் தவணைகளையும் கழியுங்கள். சீட்டுக் கட்டுவதும் தவணைதான், அதை விட்டுவிடாதீர்கள். மீதியைத் தலைக்கு வகுத்துப் பாருங்கள். நான்கு பேருக்கு 16,000 நின்றால் தலைக்கு 4,000; சமாளிக்கலாம். 8,000தான் நிற்கிறது என்றால், 20,000 சம்பளத்தில் சொந்த வீட்டில் கடனில்லாமல் இருப்பவர் உங்களைவிட வசதியானவர். பிள்ளையின் தட்டுக்கு வந்து சேருவது மிச்சம்தான், சம்பளம் இல்லை.

பையன் எடை 11 கிலோ. குறைவா? – பெயர், ஊர் இல்லை

வயதும் இல்லை. ஒன்றரை வயது என்றால் சரியான எடை. நான்கு வயது என்றால் நாளைக் காலையே ஆரம்ப சுகாதார நிலையத்துக்குத் தூக்கிக்கொண்டு போங்கள். இனி எடை எழுதுகிறவர்கள் பிறந்த தேதி, உயரம், ஆணா பெண்ணா என்பதையும் சேர்த்து எழுதுங்கள்.

இருவரும் வேலைக்குப் போகிறோம், வீட்டில் எதற்கும் குறையில்லை. மூன்று வயது மகள் 86 செ.மீ.தான் இருக்கிறாள். ஏன்? – ஓசூர்

முதலில் அளந்த விதத்தைச் சரிபாருங்கள். செருப்பில்லாமல், குதிகாலும் பிட்டமும் சுவரில் பட நிற்க வைத்து, தலைமேல் ஒரு கெட்டி அட்டையைச் சமமாக வைத்துக் குறியுங்கள். கொண்டை போட்டிருந்தால் அவிழ்த்துவிட்டு அளக்க வேண்டும். மூன்று வயதுப் பெண்ணின் நடுத்தர உயரம் 95 செ.மீ. 87-க்குக் கீழே போனால் வளர்ச்சி குன்றியது என்றுதான் கணக்கு.

பணம் இருந்தும் ஏன் என்கிறீர்கள். தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பில் (2019–21), நாட்டின் மிக ஏழை ஐந்தில் ஒரு பங்குக் குடும்பங்களில் ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளில் 46 சதவீதம் வளர்ச்சி குன்றியவர்கள். மிக வசதியான ஐந்தில் ஒரு பங்கிலோ 23. வசதி பாதியைக் குறைக்கிறது, மீதிப் பாதி அப்படியே நிற்கிறது. அந்த மீதிக்குப் பெரும்பாலும் காரணம் ஆறு மாதத்திலிருந்து இரண்டு வயதுவரை ஊட்டியதும், தாய் கர்ப்பத்தில் சாப்பிட்டதும், அடிக்கடி வந்த வயிற்றுப்போக்கும்.

நம் வீடுகளில் குழந்தைக்கு முதலில் போவது பருப்புத் தண்ணீர். அதில் தண்ணீர் இருக்கிறது, பருப்பு இல்லை. கரைத்த ரசம் சாதமும் அதே ரகம். சோதனை சுலபம்: கரண்டியில் எடுத்துச் சாய்த்தால் வழுக்கி விழ வேண்டும், ஒழுகக் கூடாது. மசித்த பருப்புச் சாதத்தில் ஒரு சின்ன ஸ்பூன் நெய்யோ எண்ணெயோ விட வேண்டும். ஒன்பது மாதத்துக்குமேல் தாய்ப்பாலோடு மூன்று நான்கு வேளை திட உணவு, தினம் ஒரு முட்டை. இருவரும் வேலைக்குப் போகும் வீட்டில் ஊட்டுவது யார், அவர் எதை ஊட்டுகிறார் என்று ஒருநாள் உட்கார்ந்து பாருங்கள்.

இப்போது மூன்று வயதாகிவிட்டது. இழந்ததை முழுதாக மீட்பது கஷ்டம், மேலும் பின்தங்காமல் நிறுத்திவைக்க முடியும். ரத்தத்தில் ஹீமோகுளோபின் பாருங்கள் (அதே கணக்கெடுப்பில் தமிழ்நாட்டில் ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளில் 57 சதவீதத்துக்கு ரத்தசோகை). ஆறு மாதத்துக்கு ஒருமுறை குடற்புழு மாத்திரை. உங்கள் இருவர் உயரத்தையும் மருத்துவரிடம் சொல்லுங்கள்.

வளரும் பிள்ளைக்கு எந்தச் சத்துபான பவுடர் நல்லது? – கரூர்

எதுவும் வேண்டாம். பெரும்பகுதி தானிய மாவும் சர்க்கரையும். அந்த 250 ரூபாய்க்கு 35 முட்டைக்குமேல் வரும்.

கணவருக்கு 24,000 சம்பளம். எல்.கே.ஜி.க்கு 48,000 கட்டணம், வேன் தனி. நகையை வைத்துக் கட்டிவிடலாமா? இங்கிலீஷ் மீடியம் இல்லையென்றால் பிள்ளையின் எதிர்காலமே போய்விடும் என்கிறார்கள். – விருத்தாசலம்

வேண்டாம் அம்மா. வாரத்துக்கு நான்கு கடிதமாவது இதைக் கேட்டு வருகிறது, பதில் ஒன்றேதான்: கடன் வாங்கிப் பள்ளிக்கூடக் கட்டணம் கட்டாதீர்கள்.

வேனோடு வருடத்துக்கு 60,000 ஆகும். மாதம் 5,000, அதோடு நகைக்கடன் வட்டி. 24,000-இல் வாடகையைக் குறைக்க முடியாது. கடன் கொடுத்தவர் வாசலில் வந்து நிற்பார். வெட்டு விழுவது முதலில் பழத்தில், அப்புறம் முட்டையில், கடைசியில் அரை லிட்டர் பால் கால் லிட்டராகும். முட்டைக்காரர் வாசலில் வந்து சண்டை போட மாட்டார், அதனால்தான். நான்கு வயதுப் பிள்ளை பாதி வயிற்றோடு ஷூவும் டையும் மாட்டிக்கொண்டு போய் ஏ ஃபார் ஆப்பிள் சொல்வதற்கு நகை அடகுக்குப் போகிறது. ஆப்பிள் வாங்கத்தான் காசில்லை.

48,000 ஆரம்பம்தான். ஆண்டுக்குப் பத்து சதவீதம் ஏறினால் ஐந்தாம் வகுப்பில் 85,000. அதற்குள் சம்பளம் அந்த அளவு ஏறுமா என்று கணவரிடம் கேளுங்கள். ஏறாவிட்டால் நடுவில் பள்ளி மாற்ற வேண்டியிருக்கும், அது பிள்ளைக்கு இன்னும் கெடுதல்.

அரசுப் பள்ளிப் பக்கம் என்ன இருக்கிறது என்பதையும் பாருங்கள். இப்போதைக்கு அங்கன்வாடி. ஒன்றாம் வகுப்பிலிருந்து அரசுப் பள்ளி: 2022 செப்டம்பரில் மதுரையில் தொடங்கிய காலை உணவு, மதியச் சாப்பாடு, வாரம் ஐந்து முட்டை, புத்தகம், சீருடை. இதெல்லாம் காசாகக் கைக்கு வராத வருமானம். ஆறு முதல் பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்தால் மருத்துவம், பொறியியலில் 7.5 சதவீத உள்ஒதுக்கீடு உண்டு. கல்லூரியில் மாதம் 1,000 தரும் புதுமைப்பெண், தமிழ்ப்புதல்வன் திட்டங்களுக்கும் அந்த ஆறு முதல் பன்னிரண்டுதான் கணக்கு. இது தெரியாமல் ஐந்தாம் வகுப்புவரை அரசுப் பள்ளியில் வைத்திருந்துவிட்டு ஆறாம் வகுப்பில் தனியாருக்கு மாற்றுகிறவர்கள் நிறைய.

பக்கத்துப் பள்ளியில் ஒரே ஆசிரியர்தான் என்றால் கவலை நியாயம். இரண்டு மூன்று பள்ளிகளுக்கு நேரில் போங்கள். மூன்றாம் வகுப்புப் பிள்ளையிடம் இரண்டாம் வகுப்புப் புத்தகத்தைக் கொடுத்து வாசிக்கச் சொல்லுங்கள். சுவரில் அடித்த பெயிண்டைப் பார்த்து முடிவெடுக்காதீர்கள். கல்வி உரிமைச் சட்டம் ஏழைப் பிள்ளைகளுக்கு ஒதுக்கும் 25 சதவீதத்தில் தனியாரில் இடம் கிடைத்தால் சேருங்கள், வேனுக்கும் சீருடைக்கும் எவ்வளவு என்பதை முன்னாலேயே கேட்டுக்கொண்டு. தனியார்தான் என்று பிடிவாதமென்றால், தவணைகள் போன மிச்சத்தில் பத்தில் ஒரு பங்குக்குமேல் கட்டணத்துக்குப் போகக் கூடாது. மிச்சத்தில் என்றேன், சம்பளத்தில் இல்லை.

மகளுக்குச் செல்வமகள் கணக்கில் வருடம் 50,000 போட, பைனான்ஸில் 18 சதவீத வட்டிக்கு வாங்கலாமா? – ஆரணி

8.2 சதவீதம் வாங்குவதற்கு 18 சதவீதம் கொடுப்பீர்களா? வருடம் 250 போட்டால் கணக்கு உயிரோடு இருக்கும். அது போதும்.

மூன்று குழுக்கடன், வாரத் தவணை. வீட்டில் ஓயாத சண்டை. எட்டு வயதுப் பையன் முரடாகிவிட்டான். டாக்டரிடம் காட்டலாமா? – புதுக்கோட்டை

காட்டுங்கள். தவணை அட்டைகளையும் எடுத்துப் பாருங்கள். அமெரிக்காவின் வட கரோலினாவில் செரோக்கி பழங்குடி மக்களுக்கு 1996 முதல் சூதாட்ட விடுதி லாபத்தில் சமமாகப் பங்கு கிடைத்தது. வறுமையிலிருந்து மேலே வந்த வீடுகளில் பிள்ளைகளின் முரட்டுத்தனமும் எதிர்த்துப் பேசுவதும் குறைந்ததாக அங்கே நடந்த ஆய்வு சொல்கிறது. பெற்றோருக்குப் பிள்ளையைக் கவனிக்க நேரம் கிடைத்ததுதான் காரணம். பயம், மனச்சோர்வு அந்த அளவு குறையவில்லை.

வருட வருமானம் 3 லட்சம் வரையுள்ள வீட்டில் எல்லாத் தவணையும் சேர்ந்து மாத வருமானத்தில் பாதியைத் தாண்டக் கூடாது என்பது 2022 முதல் ரிசர்வ் வங்கியின் விதி. பாதி என்பதே என் கணக்கில் அதிகம். நான்காவது கடனை வாங்கி மூன்றாவதை அடைக்காதீர்கள். பாக்கி குறைவாக உள்ளதை முதலில் முடியுங்கள், அந்தத் தவணைப் பணத்தை அப்படியே அடுத்த கடனுக்குத் திருப்புங்கள். வசூலுக்கு வருகிற நாளில் பையனைப் பாட்டி வீட்டுக்கு அனுப்பிவிடுங்கள்.

உரிமைத்தொகை 1,000 என் கணக்கில்தான் வருகிறது, ஏ.டி.எம். கார்டு கணவரிடம். யார் எடுத்தால் என்ன, வீட்டுக்குத்தானே என்கிறார். – பண்ருட்டி

வித்தியாசம் இருக்கிறது. தென்னாப்பிரிக்காவில் பாட்டி கைக்கு முதியோர் பென்ஷன் வந்த வீடுகளில் பேத்திகள் நன்றாக வளர்ந்தார்கள். தாத்தா கைக்கு வந்த வீடுகளில் அந்த மாற்றம் இல்லை. பொருளாதார அறிஞர் எஸ்தர் டஃப்லோவின் ஆய்வு, 2003-இல் வெளிவந்தது.

வங்கிக்குப் போய் கார்டைத் தடை செய்து புதிது கேட்கலாம், கணக்கு உங்கள் பெயரில்தானே. சண்டை வேண்டாம் என்றால் பாஸ்புக்கோடு போய்ப் பணம் வந்த அன்றே எடுத்துவிடுங்கள். இரண்டு பிள்ளைகளுக்குத் தினம் ஒரு முட்டை, மாதம் 400. தினம் அரை லிட்டர் பால், 600. இரண்டு கடையிலும் முன்பணமாகக் கட்டிவிட்டு வாருங்கள், அப்புறம் கார்டு யார் பையில் இருந்தால் என்ன.