பள்ளிப் பிள்ளைகளுக்கு வானியல் சொல்லித்தரும்போது கிரகங்களின் புராணக் கதைகளையும் சேர்க்கலாமா?

சேர்க்கலாம். ஆனால் கதையை முதலில் சொல்லாதீர்கள். இதை நான் பட்டுத்தான் தெரிந்துகொண்டேன்.

திண்டுக்கல் பக்கம் ஒரு பள்ளியில் இருபது ஆண்டுகளுக்கு மேலாக அறிவியல் எடுக்கிறேன். வேலைக்குச் சேர்ந்த புதிதில், சூரியக் குடும்பப் பாடம் வந்தால் ஒவ்வொரு கோளுக்கும் ஒரு கதை சொல்லிவிட்டுத்தான் புத்தகத்தைத் திறப்பேன். வகுப்பே வாய் பிளந்து கேட்கும். மாதத் தேர்வில் 'சனிக் கோள் பற்றிக் குறிப்பு வரைக' என்று கேட்டேன். 'சூரியனுக்கும் சாயாதேவிக்கும் பிறந்தவர், காகத்தில் வருவார்' என்று பாதிப் பேர் எழுதியிருந்தார்கள். ஒருத்தி மட்டும் போனால் போகிறதென்று வளையத்தையும் சேர்த்திருந்தாள். சிவப்பு மையை மூடி வைத்துவிட்டேன். நான் சொன்னதைத்தானே அவர்கள் எழுதியிருக்கிறார்கள்?

அடுத்த ஆண்டு வரிசையை மாற்றினேன். முதலில் வானம், பிறகு கணக்கு, கதை கடைசியில்.

வெள்ளி, வியாழன், சனி மூன்றும் வெறும் கண்ணுக்கே தெரியும். பக்கத்து விண்மீன்களோடு சேர்த்து, மாதம் ஒருமுறை நோட்டில் படம் வரையச் சொல்வேன். ஆறு மாதத்தில் வெள்ளி எங்கெங்கோ போயிருக்கும். வியாழன் கொஞ்சம் நகர்ந்திருக்கும். சனி ஏறக்குறைய அதே இடத்தில் இருப்பதாகத் தோன்றும். "சார், இது நகரவே மாட்டேன் என்கிறது" என்று யாராவது அலுத்துக்கொள்ளும் நாளுக்காகக் காத்திருப்பேன். அன்றைக்குத்தான் சனைச்சரன் என்ற பெயருக்கு மெல்ல நடப்பவன் என்று பொருள் சொல்வேன். மந்தன் என்ற பெயரும், கால் ஊனம் என்ற கதையும் அதன்பின் வரும். ஒரு சுற்றுக்கு இருபத்தொன்பதரை ஆண்டு எடுத்துக்கொள்ளும் கோளை நொண்டி என்று சொன்னவர்கள் வானத்தைப் பார்த்துவிட்டுத்தான் சொல்லியிருக்க வேண்டும் என்பது என் எண்ணம். முப்பது ஆண்டு வாழ்ந்தவனும் இல்லை, தாழ்ந்தவனும் இல்லை என்ற பழமொழியும் அப்போது பிள்ளைகளுக்குப் பிடிபடும்.

கணக்கை அங்கேயே நிறுத்தக் கூடாது. முப்பது ஆண்டைப் பன்னிரண்டு ராசிக்குப் பங்கிட்டால் ஒரு ராசிக்கு இரண்டரை ஆண்டு. மூன்று ராசிக்கு ஏழரை. ஒரு பையன் தனக்கு ஏழரைச் சனி நடப்பதால்தான் கணக்கில் மதிப்பெண் வரவில்லை என்றான். எந்த நேரத்திலும் பன்னிரண்டில் மூன்று ராசிக்காரர்களுக்கு ஏழரை நடக்கும், அதாவது நாற்பது பேர் வகுப்பில் ஏறத்தாழ பத்துப் பேருக்கு என்று பலகையில் போட்டுக் காட்டினேன். ராசி தெரிந்தவர்களைக் கை தூக்கச் சொன்னோம். முதல் மதிப்பெண் வாங்குகிறவளும் அந்தக் கூட்டத்தில் இருந்தாள். அவன் சிரித்துவிட்டான், நான் ஜோதிடத்தைத் திட்ட வேண்டியிருக்கவில்லை.

எட்டாம் வகுப்புக்கு இன்னொரு பயிற்சி தருவேன். ஒரே கோளுக்குப் பல நாட்டார் சொன்ன கதைகளைப் பக்கத்தில் பக்கத்தில் எழுத வேண்டும். செவ்வாய் பாபிலோனியருக்கு நெர்கல், கிரேக்கருக்கு ஏரிஸ். இருவரும் போர்த் தெய்வங்கள். நமக்கு அங்காரகன், நெருப்புத் தணல். எல்லாவற்றுக்கும் அடியில் அந்தச் சிவப்பு இருக்கிறது, சிவப்புக்கு அடியில் இரும்புத் துரு இருக்கிறது. வெள்ளிக்கு வந்தால் கதை கலைந்துவிடும். பாபிலோனில் இஷ்தார், ரோமில் வீனஸ், இரண்டும் பெண் தெய்வம். இங்கேயோ அசுரர்களின் குரு சுக்கிராச்சாரியார். ஒத்துப்போவதில் எது வானத்திலிருந்து வந்தது, வேறுபடுவதில் எது மனிதர்கள் சேர்த்தது என்று பிள்ளைகளே சண்டை போட்டுப் பிரிப்பார்கள். ஒத்துப்போவதெல்லாம் வானம் தந்தது என்றும் சொல்லிவிட முடியாது, கடன் வாங்கியதும் உண்டு. ஒரு மணி நேரத்தைக் குறிக்கும் ஹோரை என்ற சொல்லே கிரேக்கத்திலிருந்து வந்ததுதான்.

அந்த ஹோரையை விட்டுவிடாதீர்கள், அருமையான புதிர் அது. மெதுவான கோளிலிருந்து வேகமானதற்கு வரிசைப்படுத்துங்கள்: சனி, வியாழன், செவ்வாய், ஞாயிறு, வெள்ளி, புதன், திங்கள். மணிக்கொரு கோளாக எண்ணிக்கொண்டே போனால், ஞாயிற்றில் தொடங்கிய நாள் முடிந்து இருபத்தைந்தாவது மணி திங்களில் விழும். அங்கிருந்து எண்ணினால் செவ்வாய். வாரத்தின் வரிசை ஏன் இப்படி இருக்கிறது என்று விரல்விட்டே கண்டுபிடிக்கலாம். பூமியை நடுவில் வைத்துப் போட்ட வரிசை என்பதால் சூரியனும் சந்திரனும் இதில் கோள்கள். யுரேனசும் (1781) நெப்டியூனும் (1846) தொலைநோக்கி வந்த பிறகு கிடைத்தவை. அவற்றுக்கு நம் கதையும் இல்லை, கிழமையும் இல்லை.

ராகு கேதுவுக்கு இரண்டு பழைய சைக்கிள் ரிம் போதும். ஒன்றுக்குள் ஒன்றைச் சாய்த்து வைத்தால் இரண்டே இடத்தில் வெட்டிக்கொள்ளும், அவை நேர் எதிரெதிரே இருக்கும். ஒன்று சூரியனின் பாதை, மற்றது சந்திரனின் பாதை. வெட்டுமிடங்கள் இரண்டுக்கும்தான் ராகு, கேது என்று பெயர். சந்திரனின் பாதை சுமார் ஐந்து டிகிரி சாய்ந்திருப்பதால் கிரகணம் அந்த வெட்டுமிடங்களின் அருகில்தான் நிகழும். ஓர் உடலை இரண்டாக வெட்டிப் போட்ட கதையை இதற்குப் பிறகு கேட்டால் பிள்ளைகள் வேறு முகத்தோடு கேட்கிறார்கள்.

2019 டிசம்பர் 26 காலை எங்கள் ஊரில் வளையச் சூரிய கிரகணம். அரையாண்டு விடுமுறை. வரச் சொன்னதில் பாதிப் பேர்தான் மைதானத்துக்கு வந்தார்கள், மற்றவர்களை வீட்டில் விடவில்லை. ஒரு பையன் வந்தான், பின்னாலேயே அவன் பாட்டியும் வந்தார். பேரனைத் திரும்ப அழைத்துப் போக வந்தவர் அவர். பஞ்சாங்கத்தில் அன்று கேது கிரஸ்தம், அதாவது கேது சூரியனை விழுங்கும் கிரகணம். "கேதுவுக்குத்தான் தலையே இல்லையே, எதை வைத்து விழுங்குவார்?" என்று பையன் என்னை மடக்கினான்.

நான் ரிம்மைத் தேடுவதற்குள் பாட்டி முந்திக்கொண்டார். "வெட்டின உடம்புக்குப் பாம்புத் தலை வந்ததே, கோயிலில் பார்த்ததில்லையா?"

அதற்குள் வேப்ப மரத்தடி மண்ணெல்லாம் சின்னச் சின்ன வளையங்களாக வெளிச்சம் விழுந்திருந்தது. பாட்டி முந்தானையை விரித்து அதில் நாலைந்தைப் பிடித்துப் பார்த்துக்கொண்டிருந்தார். பேரனை அழைத்துப் போக வந்தது அவருக்கு மறந்துபோயிருந்தது.