பறவைக்கு அகார்-அகார் தீனிக் கட்டி

கேள்வி: கொழுப்பில் தானியம் கலந்து பறவைக்குக் கட்டி செய்தேன். மத்தியானத்துக்குள் உருகி ஒழுகிவிட்டதே?
– வாசகி, பாயான் லெப்பாஸ், பினாங்கு

பதில்: அது குளிர்நாட்டுப் பண்டம். இங்குள்ள வெயிலில் உருகி இறகில் அப்பிக்கொண்டால் பறவை மழையில் நனைந்து தவிக்கும். கொழுப்பை விட்டுவிடுங்கள், கடற்பாசியிலிருந்து எடுக்கும் அகார்-அகார் வெயிலுக்கு அசையாது.

பச்சைத் தண்ணீர் 250 மில்லியில் 5 கிராம் அகார்-அகார் தூளைத் தூவி, கிண்டிக்கொண்டே 2 நிமிடம் கொதிக்கவிடுங்கள். தூள் சரியாகக் கரையாவிட்டால் கட்டி உறையாமல் கொழகொழவென்று நிற்கும். இறக்கி, மசித்த வாழைப்பழம் ஒன்று, பொடியாக நறுக்கிய பப்பாளி அரைக் கப் சேருங்கள். சர்க்கரை, உப்பு கூடவே கூடாது. கொட்டாங்கச்சியில் ஊற்றி உறைந்ததும் கயிற்றில் தொங்கவிடுங்கள். கொண்டைக்குருவி விரும்பிக் கொத்தும், மைனாவும் வரும். சாயங்காலமே மிச்சத்தை எடுத்துவிடுங்கள். புளித்தது பறவைக்கு ஆகாது, இரவில் எலியும் வரும்.