டீச்சரிடம் கேளுங்கள்: முன்வரிசையில் இருந்தவனின் சிரிப்பு

கேள்வி: கவுண்டமணியும் செந்திலும் அடித்துக்கொண்டதைப் பார்த்துச் சிரித்து வளர்ந்தவர்கள் நாம். இன்று மேடையில் ஒருவர் கொஞ்சம் காரமாகப் பேசினால் மட்டும் ஏன் முகம் சுளிக்கிறோம்?
(ஓய்வுபெற்ற தபால் ஊழியர், கொடைக்கானல்)

பதில்: நானும் வயிறு வலிக்கச் சிரித்தவள்தான் ஐயா. செந்தில் ஒன்றும் அறியாத முகத்தோடு ஒரு கேள்வி கேட்பார். எல்லாம் தெரிந்தவரான கவுண்டமணிக்குப் பதில் வராது, காலைத் தூக்குவார். அறிவாளி தோற்றுப்போகும் அந்தக் கணத்துக்குத்தான் சிரித்தோம். நிறத்தையும் உருவத்தையும் பழித்த வசனங்கள் இன்று எனக்குச் சிரிப்பைத் தருவதில்லை. வகுப்பில் கறுத்த பிள்ளைகளை மற்ற பிள்ளைகள் அந்த வசனங்களைச் சொல்லியே கூப்பிட்டதை ஆண்டுக்கணக்கில் கேட்டிருக்கிறேன். இன்னொன்றும் உண்டு. செந்தில் ஒப்புக்கொண்டு, சம்பளம் வாங்கிக்கொண்டு நடித்தவர். டிக்கெட் வாங்கி முன்வரிசையில் உட்காரும் பையன் எதற்கும் ஒப்புக்கொண்டவன் இல்லை. அடுத்த கடிதம் அப்படி ஒரு பையனைப் பற்றியது.

கேள்வி: டீச்சர், எனக்குச் சொந்த ஊர் கோத்தகிரி. கோயம்புத்தூரில் இன்ஜினீயரிங் மூன்றாம் ஆண்டு படிக்கிறேன். போன மாதம் நானும் என் நண்பனும் ஒரு ஸ்டாண்ட்-அப் நிகழ்ச்சிக்குப் போனோம். அவன் இருளர் சமூகத்தைச் சேர்ந்தவன். மேடையில் இருந்தவர் அவனைப் பார்த்து, எந்த ஊர், என்ன ஆட்கள் என்று கேட்டார். அவன் மறைக்காமல் சொன்னான். பிறகு பத்து நிமிடம் அவனை விடவே இல்லை. பாம்பு பிடிப்பாயா, எலி தின்பாயா, செல்போனை எந்தப் பக்கம் பிடிக்க வேண்டும் என்று தெரியுமா என்று போனது. அரங்கமே சிரித்தது. நானும் சிரித்தேன். அவனும் சிரித்தான். திரும்பி வரும்போது மேட்டுப்பாளையத்திலிருந்து கோத்தகிரி வரைக்கும் பஸ்ஸில் அவன் ஒரு வார்த்தை பேசவில்லை. "புண்படுத்துவதுதான் ஸ்டாண்ட்-அப்பின் வேலை. அவனே சிரித்தான், உனக்கென்ன?" என்கிறான் இன்னொரு நண்பன். வேண்டுமென்றே புண்படுத்துவது உண்மையில் நகைச்சுவைதானா?
(பெயர் வேண்டாம்)

பதில்: தம்பி, "அவனே சிரித்தான்" என்ற சொல்லில்தான் என் மனம் நின்றுவிட்டது. அங்கிருந்தே தொடங்குகிறேன்.

நான் பிறந்த 1964-இல்தான் சிறிமாவோ - சாஸ்திரி ஒப்பந்தம் கையெழுத்தானது. இலங்கைத் தோட்டங்களில் இருந்த தமிழர்களில் 5,25,000 பேரை இந்தியா ஏற்க வேண்டும் என்று இரண்டு அரசுகளும் முடிவு செய்தன. எங்கள் முறை 1973-இல் வந்தது. எனக்கு ஒன்பது வயது. தலைமன்னாரில் கப்பல் ஏறி, ராமேஸ்வரத்தில் இறங்கி, மண்டபம் முகாமில் கிடந்து, கோத்தகிரிப் பக்கம் ஒரு தோட்டத்துக்கு வந்து சேர்ந்தோம். இலங்கையில் எங்களைக் கள்ளத்தோணி என்றார்கள். இங்கே வந்ததும் சிலோன்காரர்கள் ஆனோம்.

பள்ளியில் சேர்ந்த முதல் வாரம். காலையில் என்ன சாப்பிட்டாய் என்று ஆசிரியர் கேட்டார். "பாண்" என்றேன். ரொட்டிக்கு அங்கே அதுதான் பெயர். அவர் காதில் கையை வைத்துக்கொண்டு, "என்னது, பானையா? சோற்றை விட்டுவிட்டுப் பானையைத் தின்றுவிட்டு வந்திருக்கிறாளே!" என்றார். வகுப்பு கொல்லென்று சிரித்தது. நானும் வாய்விட்டுச் சிரித்தேன். அது நல்ல சிலேடை. தமிழ் கற்பித்தவள் என்ற முறையில் இன்றும் அப்படித்தான் சொல்வேன்.

மறுநாள் "பானை, எழுந்திரு" என்றார். அந்தச் சொல்லுக்குள் இப்போது சிலேடை இல்லை, நான் மட்டும்தான் இருந்தேன். அன்றும் சிரித்தேன். சிரிக்காவிட்டால், "ஏன், பானை உடைந்துவிட்டதா?" என்று அடுத்தது வரும் என்று ஒன்பது வயதிலேயே எனக்குத் தெரிந்திருந்தது. அடுத்த ஆண்டு முழுவதும் வகுப்பில் நான் கை தூக்கவில்லை. விடை தெரிந்தபோதும் தூக்கவில்லை.

தொல்காப்பியம் நகைக்கு நான்கு நிலைக்களன், அதாவது சிரிப்பு பிறக்கும் இடங்கள், சொல்கிறது: எள்ளல், இளமை, பேதைமை, மடன். எள்ளலைத்தான் முதலில் வைத்தது. ஆகவே பிறரை எள்ளிச் சிரிப்பது நேற்று வெளிநாட்டிலிருந்து வந்த வழக்கம் என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் உரை எழுதிய பேராசிரியர் எள்ளலை இரண்டாகப் பிரிக்கிறார். தான் பிறரை எள்ளி நகுவது ஒன்று. பிறரால் எள்ளப்பட்டபோது தான் நகுவது மற்றொன்று. கல்லூரியில் முதன்முதலாக அந்த வரியைப் படித்த அன்று மேலே படிக்க முடியாமல் புத்தகத்தை மூடி வைத்தேன். இப்படி ஒரு சிரிப்பு தனியாக உண்டு என்று எத்தனையோ நூற்றாண்டுக்கு முன்னால் ஒரு மனிதர் கண்டு எழுதியிருக்கிறார்! உன் நண்பன் சிரித்தது அந்தச் சிரிப்பு. அதைச் சம்மதம் என்று எடுத்துக்கொள்பவர்கள், சிரிக்காமல் இருந்திருந்தால் அந்த முன்வரிசையில் அவனுக்கு என்ன நடந்திருக்கும் என்று ஒரு நிமிடம் நினைத்துப் பார்க்கட்டும்.

சரி, அரங்கம் ஏன் சிரித்தது? அமெரிக்க உளவியலாளர்கள் பீட்டர் மெக்ராவும் கேலப் வாரனும் 2010-இல் ஒரு விளக்கம் தந்தார்கள். ஒரு வரம்பு மீறப்பட வேண்டும், அதே நேரத்தில் அதனால் தீங்கில்லை என்றும் தோன்ற வேண்டும். இரண்டும் ஒன்றாகச் சேரும்போது சிரிப்பு வருகிறது என்பது அவர்கள் கருத்து. அந்த அரங்கத்தில் மீறல் எல்லாருக்கும் தெரிந்தது. தீங்கில்லை என்று தோன்றியதோ மற்றவர்களுக்கு மட்டும். அவர்கள் வீட்டுக்குப் போய்விடலாம். உன் நண்பன் மறுநாள் அதே ஊரில் அதே பெயரோடு நடமாட வேண்டும்.

உன் கேள்விக்கு நேராக வருகிறேன். புண்படுத்துவதால் ஒரு பேச்சு நகைச்சுவை ஆகிவிடுவதில்லை. நல்ல நகைச்சுவை சில நேரம் புண்படுத்தும், அது உண்மை. அதைத் தலைகீழாக்கி, புண்பட்டார்களா, அப்படியானால் அது நகைச்சுவை என்று சொல்வது ஏமாற்று. நகைச்சுவைக்காரர் எதையாவது கண்டுபிடிக்க வேண்டும். எல்லாரும் பார்த்தும் பார்க்காமல் விட்ட ஒன்றைச் சட்டென்று காட்ட வேண்டும். என் ஆசிரியர் முதல் நாள் இரண்டு சொற்களுக்கு இடையில் ஒன்றைக் கண்டார். உன் மேடைக்காரர் பத்து நிமிடத்தில் உன் நண்பனிடம் எதையாவது கண்டாரா? இருளர் என்று கேட்டதும் பாம்பு என்றார். பாம்பு பிடிக்கும் இருளர்கள் செங்கல்பட்டுப் பக்கத்துச் சமவெளியில் இருப்பவர்கள். 1978 முதல் கூட்டுறவுச் சங்கம் வைத்து நஞ்செடுக்கிறார்கள். பாம்புக்கடிக்கு இந்த நாட்டில் போடப்படும் ஊசி மருந்தில் அவர்கள் உழைப்பு இருக்கிறது. அவர்களில் வடிவேல் கோபால், மாசி சடையன் என்ற இருவருக்கு 2023-இல் பத்மஸ்ரீ விருது கிடைத்தது. நம் மலைச்சரிவில் இருக்கும் இருளர்கள் தேனும் தோட்ட வேலையுமாக வேறு வாழ்க்கை வாழ்கிறவர்கள். இது எதுவும் அந்த மனிதருக்குத் தெரியவில்லை, தெரிந்துகொள்ள ஆசையும் இல்லை. சட்டைப்பையில் தயாராக வைத்திருந்த பழிப்பை எடுத்து வீசினார். வேறொருவன் உட்கார்ந்திருந்தால் வேறொரு பழிப்பு வந்திருக்கும். எனக்குக் கோபம் வருவது அந்தச் சோம்பலின் மேல்தான்.

இந்தக் கலையில் பெரியவர்கள் என்று பெயர் எடுத்தவர்களே இதில் தடுமாறியிருக்கிறார்கள். ரிச்சர்ட் பிரையர் என்ற கறுப்பின அமெரிக்கர், தன் மக்களை இழித்துச் சொல்லும் சொல்லையே மேடையில் ஆயுதமாக எடுத்து ஆண்டவர். 1979-இல் கென்யாவுக்குப் போய் வந்த பிறகு, இனி அந்தச் சொல்லைச் சொல்ல மாட்டேன் என்று முடிவு செய்து, அதை மேடையிலேயே அறிவித்தார். இன்னொரு கறுப்பின அமெரிக்கரான டேவ் சப்பெல் 2005-இல் 5 கோடி டாலர் என்று பேசப்பட்ட தொலைக்காட்சி ஒப்பந்தத்தை விட்டுவிட்டுப் போனார். தன் இனத்தைப் பகடி செய்த ஒரு காட்சியின் படப்பிடிப்பில் யாரோ ஒருவர் சிரித்த விதம் அவருக்கு உறுத்தியது. தன்னோடு சிரிக்கிறாரா, தன்னைப் பார்த்துச் சிரிக்கிறாரா என்று கேட்டுக்கொண்டதாகப் பின்னர் சொன்னார். அதே சப்பெல் 2021-இல் திருநர்களைப் பற்றிப் பேசியதற்காக, அதை ஒளிபரப்பிய நெட்ஃபிளிக்ஸின் ஊழியர்களே வெளிநடப்பு செய்தார்கள். தன் மேல் விழுந்த சிரிப்பை அவ்வளவு துல்லியமாகக் கேட்ட காது, பிறர் மேல் விழுந்தபோது ஏன் கேட்கவில்லை? எனக்கு இது பெரிய துயரமாகப் படுகிறது.

"வெறும் ஜோக்தானே" என்கிறவர்களுக்கு ஒன்று. தாமஸ் ஃபோர்டும் உடன் ஆய்வாளர்களும் 2008-இல் வெளியிட்ட ஆய்வில், பெண்கள் மேல் ஏற்கெனவே பகை எண்ணம் கொண்ட ஆண்கள், பெண்களை இழிவு செய்யும் ஜோக்குகளைப் படித்த பிறகு, பெண்கள் அமைப்புக்கு நன்கொடை தர அதிகம் தயங்கினார்கள். ஜோக்காக இல்லாமல் இழிவை நேராகச் சொன்னபோது அந்த மாற்றம் தெரியவில்லை. சிரிப்பு, உள்ளே பூட்டியிருந்ததற்குக் கதவைத் திறந்துவிடுகிறது.

நீ அவனிடம் போ, தம்பி. "அந்த ஆள் மோசம்" என்று தொடங்காதே. "நானும் சிரித்தேன், சிரித்திருக்கக் கூடாது" என்று சொல். "விடுடா" என்பான். விடாதே. என் வகுப்பில் நாற்பது பேர் இருந்தார்கள். ஒருவராவது வந்து அப்படிச் சொல்வார்களா என்று நான் வெகுநாள் பார்த்துக்கொண்டிருந்தேன்.

கேள்வி: இப்படிப் பேசுபவர்களைப் பிடித்து உள்ளே போட்டால் என்ன?
(வாசகி, கூடலூர்)

பதில்: வேண்டாம் சகோதரி. ஸ்டாண்ட்-அப் கலைஞர் முனவர் ஃபரூக்கி 2021 ஜனவரி 1 அன்று இந்தூரில் கைதாகி, உச்ச நீதிமன்றம் ஜாமீன் தரும்வரை ஒரு மாதத்துக்கும் மேல் சிறையில் இருந்தார். அமெரிக்காவில் லென்னி புரூஸ் என்ற மேடை நகைச்சுவைக் கலைஞரை ஆபாசப் பேச்சுக்காக 1964-இல் தண்டித்தார்கள். அவர் 1966-இல் இறந்துபோனார். நியூயார்க் ஆளுநர் மன்னிப்பு வழங்கியது 2003-இல். சிறைக்கதவைத் திறந்துவிட்டால், அதிகாரத்தைக் கேலி செய்பவர்தான் முதலில் உள்ளே போவார். 2025 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம், மாற்றுத்திறனாளிகளைக் கேலி செய்த கலைஞர்கள் தங்கள் யூடியூப் பக்கத்திலேயே மன்னிப்புக் கேட்க வேண்டும் என்றது. எங்கே பேசினார்களோ அங்கேயே கேட்பது எனக்கு நியாயமாகப் படுகிறது. நாம் செய்யக்கூடியது இன்னும் எளிது. சிரிப்பு வராதபோது சிரிக்காமல் உட்கார்ந்திருங்கள். மேடையில் நிற்பவருக்கு அதைவிடச் சுடும் தண்டனை இல்லை.

கேள்வி: கல்லூரி விழாவில் எனக்கு ஐந்து நிமிடம் கொடுத்திருக்கிறார்கள், டீச்சர். யாரையும் குத்தாமல் எழுதினால் சப்பென்று இருக்கிறது. என்ன செய்ய?
(மாணவி, உதகை)

பதில்: குத்து, மகளே. யாரை என்பதை மட்டும் பார்த்துக்கொள்.

என் அம்மா தோட்டத்தில் கொழுந்து பறித்தவள். ஐப்பசி மழையில் இடுப்பில் சாக்கைக் கட்டிக்கொண்டு, காலில் அட்டை கடித்த இடத்தில் ரத்தம் வழிய, பெண்கள் எடை போடும் இடத்தில் வரிசையாக நிற்பார்கள். எடை போடுபவர் ஒவ்வொரு மூட்டையிலும் ஈரத்துக்கு என்று மூன்று கிலோ கழிப்பார். கேட்க யாருக்கும் வாய் வராது. ஒருநாள் அம்மாவின் மூட்டை கொக்கியில் ஏறியது. "ஈரம், மூன்று கழிவு" என்று சொல்லிக்கொண்டே அவர் எழுதினார்.

"சரிங்க ஐயா," என்றாள் அம்மா, மிகப் பணிவாக. "பங்குனி வெயிலில் கொழுந்து வாடிச் சுருங்கி வந்ததே, அப்போது எத்தனை கிலோ சேர்த்து எழுதினீர்கள்?"

ஒரு கணம் மழைச் சத்தம் மட்டும் கேட்டது. பிறகு வரிசையின் கடைசியில் யாரோ களுக்கென்றார்கள். அது தொற்றித் தொற்றி முன்னால் வந்தது. எடை போடுபவர் பென்சிலைக் காதில் செருகிக்கொண்டு நோட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். அப்புறம் அவர் தோளும் குலுங்கியது. மறுநாளிலிருந்து மூட்டையைக் கொக்கியில் சிறிது நேரம் தொங்கவிட்டு, நீர் சொட்டி முடிந்த பிறகு எடை பார்த்தார். கழிவு ஒரு கிலோவாகக் குறைந்தது.

எழுதி முடித்ததும் எனக்கு அனுப்பு. படித்துப் பார்க்கிறேன்.